கால்கள் மட்டும் தெரிகிற ஜன்னல்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறிப்போனால் கலைமதியின் அறை. வாசலில் ‘ஆங்கில மொழிபெயர்ப்பு செய்து தரப்படும்’ என்று ஒரு போர்டு தொங்கும். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, கிரயப் பத்திரம், வெளிநாடு போகிறவர்களின் விண்ணப்பங்கள் என்று எது வந்தாலும் மொழி மாற்றிக் கொடுப்பாள். கடைசியில் ஒரு சீல் குத்துவாள். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்து வாங்கப்பட்டது என்று அந்த சீல் சொல்லும்.

இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் சீலைக் குத்துவார்களே தவிர, படித்துக் காட்டமாட்டார்கள். கலைமதியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் கீரனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, குவைத்தில் இறந்துபோன கணவனின் உடலை ஊருக்குக் கொண்டுவர மனு எழுத வந்தாள். அழுகைக்கு நடுவில், ‘ஏழு வருஷமா அவரைப் பிரிஞ்சுதான் இருக்கேன்’ என்று அவள் சொன்னதை, கலைமதி அவசரத்தில் ‘எஸ்ட்ரேஞ்டு’ என்று போட்டுவிட்டாள். பிழைக்கப் போனவனைப் பிரிந்திருப்பது வேறு, உறவே அறுந்துபோய்ப் பிரிந்திருப்பது வேறு. உறவு அறுந்தவள் எந்த உரிமையில் உடலைக் கேட்கிறாள் என்று மனு திரும்பி வந்தது. அந்த ஒரு வார்த்தையால் உடல் வந்து சேர இன்னும் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு கலைமதி யார் தடுத்தாலும் வரிவரியாகப் படித்துக் காட்டாமல் சீலைத் தொடுவதில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் செங்கமலம் படியேறி வந்தபோது, தடுக்க ஓர் ஆள் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தான். கனடாவில் இருக்கிற அவள் மகன் உதயசூரியன். தாயைத் தன்னோடு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போடுகிறான். அதற்குத் தாய் தன் வாயாலேயே சொன்னது போல ஒரு கடிதம் வேண்டும். அதை அவனே இங்கிலீசில் எழுதி மெயிலில் அனுப்பிவிட்டு, முந்தின நாள் போனும் செய்திருந்தான்.

“தமிழ்ல ஒரு காப்பி போட்டு, ஆத்தாகிட்ட கையெழுத்து வாங்கி, சீல் வச்சு அனுப்பிடுங்க மேடம். படிச்சுல்லாம் காட்ட வேணாம். அதுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“படிக்காம சீல் வைக்கமாட்டேன் தம்பி” என்று கலைமதி சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான். “சரிங்க மேடம், மெதுவாப் படிங்க” என்றான்.

செங்கமலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஊர். ஒல்லியான தேகம், உரத்த குரல். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், கையில் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். யாரும் எதுவும் கேட்கத் தேவையில்லை. மூன்று மாடு வைத்திருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறாள். கணவன் போய்ப் பதினொரு வருடம். ஒரே மகன். மருமகள் கார்த்திகா போன வருடம் ஒத்துவரவில்லை என்று விலகிப் போய்விட்டாள்.

“நல்லதுதான் ஆத்தா, நான் நிம்மதியா இருக்கேன்னுதான் சொல்றான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்றான்.”

“நீங்க போறதுக்கு சம்மதமாக்கா?”

செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு என்னத்துக்கு தங்கச்சி அந்தக் குளிரு? மாட்டை என்ன செய்ய, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி என்ன செய்வா. ஆனா நச்சரிக்கிறான். தெனம் அதே பேச்சு. கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுருவோம், அவங்க வேணாம்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும்னு வந்தேன். சொல்லிட்டாங்கன்னா நிம்மதி.”

இந்தக் கையெழுத்தோடு அவள் வீடு, மாடு, ஊர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது கலைமதிக்குத் தெரியும். மகன் எழுதியிருந்த கடிதம் யாரும் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இல்லை. படித்தால் கல்லும் கரையும். அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

முதல் வரியைப் படித்தாள். “‘நான் என் வீட்டில் தனியாக வசிக்கிறேன்.’ சரிதானேக்கா?”

“சரிதான்.”

இங்கிலீசில் அந்த இடத்தில் ‘அலோன்’ என்று இருந்தது. அந்த வார்த்தையில் கலைமதிக்கு ஒரு வம்பும் கிடையாது. அது தலையை எண்ணுகிற வார்த்தை. வீட்டில் எத்தனை பேர் என்றால் ஒருவர், அவ்வளவோடு அது வாயை மூடிக்கொள்ளும். சுகமா துக்கமா என்று அதற்குக் கவலை இல்லை. அவளுமே எட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறாள், பெரியார் நகரில் ஒரு மாடி போர்ஷனில். வீட்டுக்காரம்மா ‘பாவம், தனியா இருக்கீங்க’ என்று உச்சுக்கொட்டும்போதெல்லாம், நான் அலோன் இல்லை, சாலிட்டரி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். தானாக விரும்பி ஒதுங்கி, அதில் நிறைவாக இருக்கிறவர்களுக்கான வார்த்தை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடுத்த வரியில் ‘ஐசொலேட்டட்’ வந்தது. அவள் முந்தின நாளே தமிழ்ப்படுத்தி வைத்திருந்ததை அப்படியே படித்தாள். “‘என் ஊரில் நான் ஒதுக்கப்பட்டு இருக்கிறேன்.’”

செங்கமலம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். “யாரு ஒதுக்குனா? எங்களை யாரும் ஒதுக்கலையே. போன சித்திரைத் திருவிழாவுல கோயிலுக்கு வரி கட்டி, பூத்தட்டு எடுத்து, மாலையும் வாங்கியிருக்கோம். இதை எவனாச்சும் கேட்டான்னா எங்க பங்காளிக ஊரைக் கூட்டிருவாங்க தங்கச்சி.”

தப்பு கலைமதியுடையது. கிராமத்தில் ஒதுக்குவது என்றால் தண்ணீர் நெருப்பு கொடுக்காமல் தள்ளி வைப்பது. கனடாவில் உட்கார்ந்து எழுதுகிறவன் நினைத்தது, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் கிடப்பதை. அதைச் சொல்லிச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தாள்.

“எட்டிப் பாக்க ஆளில்லையா” என்று செங்கமலம் சிரித்தாள். “பொன்னுத்தாயி தெனம் தலகாணியோட வந்துருவா. பொம்பள ஒத்தையில படுக்கக் கூடாதுன்னு, அவரு போன பதினாறாம் நாளே எங்க நாத்தனா ஏற்பாடு பண்ணிவிட்டது. பதினோரு வருஷமாத் துணைக்குப் படுக்கிறா. அவ விடுற கொறட்டையில மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடுது. நான் எங்க தனியாக் கெடக்கேன்?”

கலைமதி பேனாவால் அந்த வரியை அடித்தாள். அடுத்தது ‘ஃபர்சேகன்’. கைவிடப்பட்டவள். அதை எந்தக் குரலில் படிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைவிடப்பட வேண்டுமானால், கைவிட்டுப் போக ஒருவர் வேண்டும். இங்கே போனவன் ஒருவன்தான். அவனே எழுதியிருக்கிறான்.

படித்துக் கேட்டதும் செங்கமலம் முன்னால் சாய்ந்து அந்தத் தாளைப் பார்த்தாள். “எம்மவன் என்னைக் கைவிட்டுட்டான்னு அவன் கையாலயே எழுதுறானா. ஏன் தங்கச்சி, புத்தி கித்தி பெசகிப்போச்சா அவனுக்கு? ஞாயித்துக்கெழம தவறாமப் பேசுறவன். அதையும் அடிங்க.”

அதையும் அடித்தாள். இப்படியே போனால் கடிதத்தில் முகவரி மட்டும்தான் மிஞ்சும் போலிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு பாரா. அதில் ‘லோன்லி’ என்கிற வார்த்தை நான்கு தடவை வருகிறது. அதற்குச் சரியான தமிழ் அமையாமல், வருகிற இடமெல்லாம் இங்கிலீசிலேயே படிப்பது என்று கலைமதி விட்டிருந்தாள். மற்ற பாராக்களை யாரோ மாதிரிக் கடிதத்தைப் பார்த்துக் காப்பி அடித்தது போல எழுதியிருந்தவன், இதை மட்டும் வேறு கையால் எழுதியிருந்தான். இங்கிலீசு சாதாரணமாக இருந்தது, பெரிய வார்த்தைகள் இல்லை. கலைமதி முந்தின நாள் இந்தப் பாராவைத் தமிழ்ப்படுத்தும்போது இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். காரணம் அவளுக்கே பிடிபடவில்லை.

“‘வீட்டில் மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக டிவியை ஓட விட்டிருக்கிறேன். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.’”

“எங்க டிவி இடி விழுந்து எட்டு மாசமாச்சு” என்றாள் செங்கமலம்.

“‘ராத்திரியில் லோன்லியாக இருக்கிறது. இருட்டில் படுக்கப் பிடிக்கவில்லை. விடிய விடிய லைட்டை எரிய விடுகிறேன்.’”

“லைட்டு எரிஞ்சா பொன்னுத்தாயி என்னைக் கொன்னுபுடுவா.”

“‘சில நாள் கடைக்குப் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்குகிறேன். எனக்குப் பழம் தேவையில்லை. பில் போடுகிற பெண், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள்.’”

செங்கமலம் இதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை மரம் நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருப்பாள். ஆனால் சொல்லவில்லை. மடியில் இருந்த பையின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“‘சாயங்காலம் ஆன பிறகுதான், காலையிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரியும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்.’”

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலைமதி கடைசி வரிக்கு வந்தாள்.

“‘என் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கால்களை வைத்து, இவர் யார், எங்கே போகிறார், வீட்டில் யார் காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.’”

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். செங்கமலத்தின் முகம் மாறியிருந்தது.

“அது எங்க வீட்டு ஜன்னல் இல்ல” என்றாள் மெதுவாக. அவளால் மெதுவாகப் பேசமுடியும் என்பதே கலைமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. “அது அவன் ஜன்னல். பூமிக்குக் கீழ ரூமு தங்கச்சி. குடிபோன அன்னைக்கு வீடியோவுல காட்டுனான். ‘ஆத்தா, இங்க பாரு, காலு மட்டும் நடந்து போகுது’ன்னான். நானும் பொன்னுத்தாயியும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சோமே தங்கச்சி.”

தாயின் துயரத்தை எழுத உட்கார்ந்தவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்ததை எழுதிவிட்டான். மெதுவாகப் படிங்க என்று போனில் அவன் சொன்னது கலைமதிக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

“அந்த வார்த்தைய நாலு வாட்டி சொன்னீங்களே, என்னமோ ‘லி’ன்னு. அதுக்கு என்னங்க அர்த்தம்?”

கலைமதி யோசித்தாள். தனிமை என்று சொன்னால் போதாது. அது ஒரு பெரிய துணிபோல எல்லாவற்றையும் மூடிவிடும். “கன்னுக்குட்டிய தாய்கிட்டேருந்து பிரிச்சு வித்துட்டா, போன எடத்துல எப்படி இருக்கும்க்கா?”

“ஏங்கிப் போகும். தீவனம் எடுக்காது. வாசலையே பாத்துக்கிட்டு நிக்கும்.”

“அதுதான்.”

“நூறு மாட்டோட கட்டுனாலும் அப்படித்தான் நிக்கும்” என்றாள் செங்கமலம். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. “போனைப் போட்டுக் குடுங்க. இதுல நம்பர் இருக்கு.”

“அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கா. தூங்குவாரு.”

“போடுங்க.”

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். தூக்கக் கலக்கம் இல்லாத குரல். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

“என்ன ஆத்தா? கையெழுத்துப் போட்டுட்டியா?”

“போடுறேன். சாப்புட்டியா?”

“ஆச்சு ஆத்தா.”

“ஐயா, இன்னைக்கு யாரு கூடப் பேசுன?”

ஸ்பீக்கரில் டிவிக்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

“ஒங்கூடத்தான் ஆத்தா” என்றான் உதயசூரியன்.

செங்கமலம் அவன் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பசு ஈன்றதைச் சொன்னாள், கிடாரிக் கன்று என்றாள், பொன்னுத்தாயி முழங்காலுக்குத் தைலம் வாங்கணும் என்றாள். அவன் உம் கொட்டிக்கொண்டே இருந்தான். போனை வைத்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, சண்டைக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எழுதுங்க. நான் சொல்றேன். எங்கடுதாசிய நான்தானே சொல்லணும்.”

கலைமதி புதுத் தாளை எடுத்தாள்.

“எம்பேரு செங்கமலம். நான் வீட்டுல ஒத்த ஆளு. எனக்கு ஏக்கம் ஒண்ணும் இல்ல. எனக்கு மாடு இருக்கு, ஊரு இருக்கு, துணைக்குப் படுக்க பொன்னுத்தாயி இருக்கா. எம்மவனுக்குத்தான் யாரும் இல்ல. அவன் அங்க ஏங்கிப் போய்க் கெடக்கான். அவனுக்குத் துணைக்குப் படுக்க நான் வாரேன். என்னை விடுங்க.” நிறுத்தி, யோசித்து, “அவ்வளவுதான்” என்றாள்.

கலைமதி பேனாவைக் கீழே வைத்தாள். உள்ளதைச் சொல்லியாக வேண்டும். “அக்கா, ஒண்ணு சொல்றேன். அவங்க கேக்குறது, மகனை நம்பித்தான் தாய் இருக்காங்களான்னு. நீங்க தலகீழாச் சொல்றீங்க. இதைக் குடுத்தா வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு. அவரு எழுதுனதையே குடுத்தா அனேகமா விட்டுருவாங்க.”

காலையில் இவள் கேட்டுவந்ததே அந்த ‘வேண்டாம்’தான். இப்போது அதைக் கேட்டதும் செங்கமலம் பதறிப்போனாள். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் கையெழுத்துப் போட்டால் பிள்ளையிடம் போய்ச் சேரலாம். மற்றதில் போட்டால் போகமுடியாமலே ஆகலாம். பிறகு மகன் எழுதிய தாளைத் தள்ளி வைத்தாள்.

“இங்கிலீசுல இருக்குறதுல நான் கையெழுத்துப் போட்டா, நான் ஏங்கிப் போனவ, அவன் காப்பாத்த வந்தவன்னு ஆகிப்போகும். அங்க போயும் எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டுத் திரிவான். அவன் ஏக்கத்தை எங்கிட்ட என்னைக்குத்தான் சொல்லுவான்? இதை அவந்தானே மொதல்ல படிப்பான்?”

“ஆமா. அவருக்குத்தான் அனுப்புவேன். அவரு பாத்துட்டுத்தான் அங்க குடுப்பாரு.”

“அவன் படிக்கட்டும். அந்த ஆபீசுக்காரன் படிக்கிறது அப்புறம். நிரந்தரமா விடலைன்னா மூணு மாசத்துக்காச்சும் விடச்சொல்லிக் கேப்போம். மாட்டைப் பொன்னுத்தாயி பாத்துக்குவா.” அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். “அவளுக்கும் யாருமில்ல தங்கச்சி. எனக்குத் துணைன்னு பேரு. அவ வீட்டுக் கூரையைப் பிரிச்சுக் கட்டணும்னாக்கூட எங்க வீட்டுலதான் வந்து ஒக்காருவா. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

கலைமதி அதை இங்கிலீசில் எழுதினாள். ஐ லிவ் அலோன், பட் ஐ ஆம் நாட் லோன்லி, மை சன் இஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட எழுதிவிடும். எம்.ஏ. படித்து இருபது வருடம் இங்கிலீசோடு மல்லுக்கட்டியவள், அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. துணைக்குப் படுப்பதற்கு இங்கிலீசில் வார்த்தை கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, இருட்டில் ஒருவர் தனியாகப் படுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம், அதற்காகவே வருகிறேன் என்று விரித்தே எழுதினாள். இந்தத் தடவை படித்துக் காட்டியபோது செங்கமலம் எதையும் அடிக்கச் சொல்லவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். கலைமதி சீலைக் குத்தினாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். “ஒங்க வீட்டுல துணைக்கு ஆளு இருக்கா?”

“இல்லக்கா. நான் தனியா இருந்தே பழகிட்டேன். எனக்குப் புடிச்சுத்தான் இருக்கேன்.”

“அப்படியா. சரி” என்றாள் செங்கமலம். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

கலைமதி கடிதத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது, செங்கமலம் வருவதற்கு முன்னால் இன்று தான் யாரோடு பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள். பால்காரரிடம் ‘நாளைக்கு அரை லிட்டர்’ என்றது நினைவுக்கு வந்தது. அதையும் தாளில் எழுதித்தான் வாசலில் செருகியிருந்தாள். சாலிட்டரி என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

மூன்று மணிக்குப் பக்கத்தில் போனில் ஒரு செய்தி வந்தது. உதயசூரியன்தான், தமிழில் எழுதியிருந்தான்.

‘மேடம், படிச்சேன். நாலஞ்சு தடவை படிச்சேன். ஆத்தா சொன்னதையே குடுக்கிறேன். விட்டா விடட்டும், விடலைன்னா லீவு போட்டுட்டு நான் வாரேன். ஆத்தாகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. இங்க இன்னும் விடியல. லைட்டை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் தூங்கப் போறேன்.’

கலைமதி உடனே செங்கமலத்துக்குப் போன் போட்டாள். சொசைட்டியில் இருந்தாள். கேன் உருளுகிற சத்தமும், நான்கைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும், யாரோ வரிசையில் புகுந்ததற்கு ஏச்சும் கேட்டன. செய்தியை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“என்ன அணைச்சுட்டான்?”

“லைட்டுக்கா. லைட்டை அணைச்சுட்டுத் தூங்கப் போறாராம்.”

அந்தப் பக்கம் செங்கமலம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருந்தது. “செத்த சும்மா இருங்கடி” என்று அவள் யாரையோ அதட்டுவது தூரத்தில் கேட்டது. “எம்புள்ள தூங்குறான்.”